எஜமானின் குரலும் எந்திரத்தின் விசுவாசமும்: வீட்டு ஒலிக்கருவிகள் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

நாய் மார்க் இசைத்தட்டை அறியாதவர்கள் என் தலைமுறையில் இருக்க வாய்ப்பில்லை. கிராமபோன் குழாயின் வாயருகே தலையைச் சற்றுச் சாய்த்தபடி ஒரு நாய் உட்கார்ந்திருக்கும். 'எஜமானின் குரல்' என்பது படத்தின் பெயர். பிரான்சிஸ் பராட் என்கிற ஆங்கிலேய ஓவியர், இறந்துபோன தன் சகோதரனின் நாயை நினைவில் வைத்து 1898 வாக்கில் வரைந்தது. முதலில் வரைந்தபோது அந்த நாயின் முன்னால் இருந்தது கிராமபோன் அல்ல. எடிசன் வகைப்பட்ட உருளை போனோகிராஃப். 1899-இல் கிராமபோன் கம்பெனி படத்தை வாங்க முன்வந்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: போனோகிராஃபை எடுத்துவிட்டு எங்கள் கருவியை வரைந்து தர வேண்டும். பராட் மறுக்கவில்லை. பழைய வண்ணத்தின் மேலேயே புதிய கருவியைப் பூசிக் கொடுத்தார். மூல ஓவியத்தில் அடியிலிருக்கும் பழைய கருவியின் சுவடு இன்னும் தெரியும் என்கிறார்கள்.

நாய் மாறவில்லை. அதன் காதும் மாறவில்லை. கேட்கப்படும் குரலும் அதே எஜமானின் குரல்தான். கருவி மட்டும் மாற்றப்பட்டது. வீட்டு ஒலிக்கருவிகளின் வரலாற்றில் முதல் 'அப்கிரேட்' ஓர் ஓவியத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

'ஹை-ஃபை' என்கிறோமே, அதன் விரிவு ஹை ஃபிடலிட்டி. தமிழில் இதைத் 'துல்லியம்' என்று எழுதிப் பழகிவிட்டோம். ஃபிடலிட்டிக்கு நேர்ச்சொல் விசுவாசம். துல்லியம் என்று சொன்ன மாத்திரத்தில் அது அளவுகோல் சம்பந்தப்பட்ட விஷயமாகிவிடுகிறது. விசுவாசம் என்றால் உடனே ஒரு கேள்வி எழும்: யாருக்கு? எதற்கு? நான் 1983-இலிருந்து இன்றுவரை வாங்கியும் விற்றும் மாற்றியும் வந்திருக்கிற கருவிகளின் பட்டியலை எழுதினால் இந்தக் கட்டுரையின் பாதி அதிலேயே தீர்ந்துபோகும். ஆகவே இதை ஒரு நோயாளி தன் நோயின் பூர்வீகத்தை விசாரிப்பதாகவும் வாசிக்கலாம்.

எடிசன் போனோகிராஃபைக் கண்டுபிடித்தது 1877-இல். அவருக்குக் காது பெரும்பாலும் கேட்காது. பியானோவின் மரச்சட்டத்தையும் போனோகிராஃபின் மரப்பெட்டியையும் பல்லால் கடித்துக்கொண்டு, தாடை எலும்பு வழியாக அதிர்வை வாங்கிக் 'கேட்டவர்' அவர். ஒலித் துல்லியத்தின் முதல் நீதிபதியே இப்படியொருவர் என்பதைப் போகிறபோக்கில் சொல்லி வைக்கிறேன். 1915-இலிருந்து பத்தாண்டு காலம் அவருடைய கம்பெனி அமெரிக்க நகரங்களில் 'டோன் டெஸ்ட்' என்ற பெயரில் நிகழ்ச்சிகள் நடத்தியது. மேடையில் ஒரு பாடகி. பக்கத்தில் அவர் பாடிய தட்டைச் சுழலவிடும் எந்திரம். பாடகி பாடுவார், நிறுத்துவார், எந்திரம் தொடரும். விளக்கை அணைப்பார்கள். இருட்டில் குரல் தொடர்ந்துகொண்டிருக்கும். விளக்கு மீண்டும் எரியும்போது மேடையில் பாடகி இருக்க மாட்டார். 1916-இல் நியூயார்க்கின் கார்னகி அரங்கத்தில் மரி ராப்போல்டு என்ற ஆபரா பாடகியை வைத்து இது நடந்தது. எது மனுஷி, எது எந்திரம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

அன்றைய பதிவு முறையில் மைக் கிடையாது. பாடுகிறவர் ஒரு பெரிய குழாயின் வாய்க்கருகில் நின்று உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். மனிதக் காது கேட்கக்கூடிய பரப்பு ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்றால், இந்த முறையில் பதிவானது சுமார் 250-க்கும் 2,500-க்கும் இடைப்பட்ட ஒரு கீற்றுதான். அப்புறம் எப்படி வித்தியாசம் தெரியாமல் போயிற்று? டோன் டெஸ்ட்களில் பாடிய அன்னா கேஸ், பல பத்தாண்டுகள் கழித்து விஷயத்தை ஒப்புக்கொண்டார்: எந்திரத்தின் ஒலியோடு ஒத்துப்போகுமாறு தன் குரலை அடக்கிப் பாடினாராம். நகல் மூலத்துக்கு விசுவாசமாக இருந்தது என்பதைவிட, மூலம் நகலுக்கு விசுவாசமாக நடந்துகொண்டது என்பதே பொருத்தம்.

ஆனால் இதை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முட்டாள்கள் அல்லர். எதைக் குறை என்று கேட்பது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்பதைக் காது பிறவியிலேயே அறிந்து வருவதில்லை. அதை யாரோ கற்றுத்தர வேண்டியிருக்கிறது. தட்டின் சரசரப்பை ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழைபோல ஒதுக்கிவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் அடுத்த கருவியின் வேலை.

அது 1925-இல் வந்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பொறியாளர்கள் உருவாக்கிய மின்பதிவு முறை: மைக், பெருக்கி, மின்காந்தத்தால் அசையும் வெட்டூசி. ரேடியோவின் வரவால் விற்பனை படுத்திருந்த விக்டர் கம்பெனி புதிய முறையைக் கையிலெடுத்து, அந்த ஆண்டு நவம்பரில் 'ஆர்த்தோஃபோனிக்' கருவியைப் பெரும் விளம்பரத்தோடு இறக்கியது. கையிருப்பிலிருந்த பழைய கருவிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டது. நேற்றுவரை பாடகியைப் பாடகியாகவே தந்த எந்திரம், இன்றைக்குத் தகர டப்பா. எடிசன் கம்பெனி 1929-இல் இசைத்தட்டுத் தொழிலையே கைவிட்டது. அந்த 'நிரூபணம்' என்னவாயிற்று என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் ஒரு பொறிமுறை கண்ணில் படுகிறது. ஒவ்வொரு கருவியும் 'மூலத்துக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை' என்று சொல்லி விற்கப்படுகிறது. அடுத்த கருவியை விற்க, முந்தையது பொய் சொன்னது என்று நிரூபித்தாக வேண்டும். அதாவது இது வாக்குறுதிகளின் வரலாறு. அதே அளவுக்குப் பொய்ச்சாட்சிகளின் வரலாறும்கூட. 1948-இல் கொலம்பியா நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால்... இல்லை, மூன்றில் ஒரு பங்கு சேர்த்து முப்பத்து மூன்று சுற்று ஓடும் எல்.பி.யைக் கொண்டுவந்தது. (எங்கள் ஊரில் கடைசிவரை முப்பத்து மூன்றேகால் என்றுதான் சொல்வார்கள், கை அதையே எழுத வருகிறது.) 1949-இல் போட்டிக்கு ஆர்.சி.ஏ. விக்டரின் 45 சுற்றுத் தட்டு. 1955-இல் பிரிட்டிஷ் ஒலிபெருக்கித் தயாரிப்பாளர் கில்பர்ட் பிரிக்ஸ் அதே கார்னகி அரங்கத்துக்கு வந்து, நேரடி இசையையும் பதிவிசையையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து காட்டினார். 39 ஆண்டுகளுக்குப் பின் அதே மேடை, அதே வித்தை. 1958-க்குள் ஸ்டீரியோ எல்.பி.கள் கடைக்கு வந்துவிட்டன. ஒற்றை ஒலிபெருக்கி வைத்திருந்தவர்களெல்லாம் ஒரே நாளில் ஒற்றைக்காதர்களாகிப் போனார்கள். 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சி.டி.யைக் கொண்டுவந்தபோது அதன் விளம்பர வாசகத்தின் சாரம், 'என்றென்றைக்கும் குறையற்ற ஒலி'. என்றென்றைக்கும் என்பது 17 ஆண்டு நீடித்தது. 1999-இல் அதே இரு நிறுவனங்களும் சேர்ந்து 'சூப்பர் ஆடியோ சி.டி.' என்ற இன்னொன்றை வெளியிட்டன. சாதாரண சி.டி.யின் தரத்துக்கு இறக்கிப்போட்டால் அந்த வித்தியாசத்தைக் கேட்பவர்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்று மேயர், மோரன் என்ற இருவர் நெடுநாள் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். நாணயத்தைச் சுண்டிப் போட்டால் கிடைக்கும் அளவுக்குத்தான் சரியான விடைகள் வந்திருந்தன.

1987 ஜனவரியில் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகையும் இப்படி ஒன்றைச் செய்தது. சில நூறு டாலர் ரிசீவர் முதல் பன்னிரண்டாயிரம் டாலர் வால்வு ஆம்ப்ளிஃபயர் வரை ஒலியளவைச் சமமாக்கி, எது ஒலிக்கிறதென்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். பிரித்தறிய முடியவில்லை. ஒலியளவைச் சமமாக்குவதில்தான் சூட்சுமம். இரண்டு கருவிகளில் ஒன்று ஒரு டெசிபெலுக்கும் குறைவாகக் கூடுதலாக ஒலித்தால், காது அதைக் 'கூடுதல் சத்தம்' என்று உணராது. 'கூடுதல் தெளிவு' என்றே உணரும். கடைக்காரர் பேச்சுவாக்கில் குமிழை ஒரு மயிரிழை திருப்பிவிட்டால் போதும்.

இந்த வித்தியாசங்களைக் கேட்க வைப்பதற்கு ஒரு மொழியும் தேவைப்பட்டது. 1962-இல் கார்டன் ஹோல்ட் தொடங்கிய 'ஸ்டீரியோஃபைல்' போன்ற பத்திரிகைகள் அதை உருவாக்கின. ஒலிக்குக் 'காற்று' உண்டு, 'வெதுவெதுப்பு' உண்டு, 'மேடையின் ஆழம்' உண்டு. மீட்டரில் சிக்காத குணங்களுக்குச் சொற்கள் கிடைத்தவுடன் அவை இல்லாத இடமெல்லாம் குறையாகத் தெரியத் தொடங்கியது. சொல்லாடல் முதலில், காது பிற்பாடு. நானே இதற்குச் சாட்சி. அத்தகைய ஒரு பத்திரிகையின் பழைய இதழ்களைச் சென்னை மூர் மார்க்கெட் வட்டாரத்து நடைபாதையில் வாங்கிப் படிக்கும்வரை, என் வீட்டுப் பாட்டில் காற்று இல்லை என்பது எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னது அமெரிக்கக் கதை. தோழர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, "முதலாளித்துவம் தேவையை உற்பத்தி பண்ணுது, விளம்பரம் ஊதிவிடுது, அவ்வளவுதானே" என்று முடித்துக்கொண்டார். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் எண்பதுகளில் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் ஹை-ஃபை விளம்பரமும் கிடையாது, கடையும் கிடையாது. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலம். ரேடியோ வைத்துக்கொள்ளத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்டிய வழக்கமே எண்பதுகளின் நடுவில்தான் ஒழிந்தது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ யாராவது வந்தால் ஒரு டூ-இன்-ஒன் வரும். என் முதல் கருவியும் மைத்துனர் தூக்கிவந்த அதுதான். இருந்தும் ஆசைக்கு எங்களிடம் பஞ்சமில்லை.

எங்களுக்கு அதைக் கற்றுத்தந்த இடம் ரெக்கார்டிங் சென்டர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அடுக்கிய எல்.பி.கள், இரண்டு டெக், ஆடும் முள் மீட்டர்கள். பாட்டுகளை வரிசையாக எழுதிக் கொடுத்து, டி.டி.கே. கேசட் வாங்கினால் ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். 1978-இல் வந்த 'பிரியா' பாடல்களை அங்கேதான் இரண்டு பக்கமும் பிரிந்து கேட்டேன். வீட்டுக்கு எடுத்துவந்து மைத்துனரின் கருவியில் போட்டபோது அதே பாட்டு சுருங்கிக் கிடந்தது. அதுவரை அந்தக் கருவி ஊரே பொறாமைப்பட்ட பொருள். யாரும் எனக்கு எதையும் விற்கவில்லை. ஆனாலும் ஓர் ஒப்பீடு நடந்துவிட்டது. ஒப்பீடு நடந்தபிறகு பழைய காது திரும்பி வருவதில்லை. விளம்பரம் இந்த ஒப்பீட்டைப் பெருக்குகிறதே தவிர, அதன் மூலகாரணம் விளம்பரம் அல்ல என்றே நினைக்கிறேன்.

கடை இல்லாத ஊரில் மெக்கானிக் இருந்தார். 1987-இல் அவர் எனக்கு 3055 டிரான்சிஸ்டர்கள் போட்டு ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டித் தந்தார். ஆசாரி ஒருவர் பிளைவுட்டில் பெட்டி அடித்தார். வூஃபரின் 'திம்' கட்டுப்பட வேண்டும் என்று மெக்கானிக் அண்ணாச்சி பெட்டிக்குள் இலவம்பஞ்சைத் திணித்து ஓட்டையில்லாமல் மூடினார். 1954-இல் எட்கர் வில்ச்சர் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த ஏ.ஆர்.-1 ஒலிபெருக்கியின் தத்துவமும் கிட்டத்தட்ட இதுதான்: இறுக மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்துவது. அண்ணாச்சி வில்ச்சரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். "பஞ்சு வச்சா கும்முனு கேக்கும், அண்ணாச்சி" என்பார். எனக்கு அவரும் அண்ணாச்சி, அவருக்கு நானும் அண்ணாச்சி. இரண்டு மாதத்துக்கொரு முறை போய் நிற்பேன். கண்டென்சரை மாற்றுவார், டிரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக்குவார். ஒருநாள் கேட்டார்: "பாட்டு நல்லாத்தான இருக்கு. ஒங்களுக்கு என்னதான் வேணும்?"

எனக்கு என்னதான் வேண்டும்? மேலைநாட்டு ஹை-ஃபைக்காரனுக்கு ஒரு பதில் உண்டு: கச்சேரி மண்டபத்தில் உட்கார்ந்து கேட்ட ஆர்க்கெஸ்ட்ரா. திரைப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவனுக்கு அப்படியொரு மூலம் கிடையாது. பாடகர் ஒரு கண்ணாடி அறையில், தபலா ஒரு மூலையில், வயலின்கள் வேறோரிடத்தில். மைக்குகளின் வழியே சேர்ந்து நாடாவில்தான் அந்தப் பாட்டு முதன்முதலாக முழுசாகப் பிறக்கிறது. டூரிங் டாக்கீஸின் ஒற்றை ஒலிபெருக்கியில் எடுபட வேண்டும் என்பதும் அதற்கு விதிக்கப்பட்ட கடமை. அதை நான் முதலில் கேட்டது டீக்கடையிலும், கல்யாண வீட்டு வேப்பமரத்தில் கட்டிய குழாயிலும். நியாயப்படி என் காதின் மூலம் அந்தக் குழாய்தான். குரலைப் பிளந்து தெருமுனைவரை எறிகிற, அடிஸ்தாயியே இல்லாத குழாய். அதற்கு விசுவாசமாக இருக்க வேண்டுமென்றால் நான் வாங்கிய ஒவ்வொரு கருவியும் துரோகம்.

அடோர்னோ 1938-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கச்சேரிக்குப் போகிறவன் உண்மையில் தான் டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைத்தான் வழிபடுகிறான் என்கிற ரீதியில் சொல்கிறார். படித்தபோது கோபம் வந்தது. பிறகு என் கேசட் அலமாரியைப் பார்த்தேன். பதினைந்து கேசட்டுகள் மட்டும் தேய்ந்திருந்தன. அவை பாட்டுக்காக ஓடியவையல்ல. 'செக்' பண்ணுவதற்காக ஓடியவை. ஒரே பாட்டின் முதல் நாற்பது வினாடி. பல்லவி முடிவதற்குள் நிறுத்தி, வயரை மாற்றி, மறுபடி. போத்ரியார் தன் பங்குக்கு, மிகை விசுவாசத்தில் இசையே காணாமல்போகிறது என்கிறார். அவர் எதையும் இப்படிக் காணாமலாக்கிவிடுவார் என்ற எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனாலும் அந்தக் கேசட்டுகளைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குள் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. கீர் கெய்ட்லி என்ற ஆய்வாளர் 1996-இல் எழுதிய கட்டுரையில், போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஹை-ஃபை என்பது ஆண்கள் வீட்டுக்குள் தமக்கென ஒரு பிரதேசத்தைப் பிடித்துக்கொள்வதற்கான கருவியாகவும் இருந்ததைக் காட்டுகிறார். எங்கள் வீட்டில் அந்தப் பிரதேசம் ஹாலின் கிழக்குச் சுவர். குழந்தை அங்கே தவழக்கூடாது. குமிழைத் துணியால் துடைக்கக்கூடாது. என் மனைவி அடுப்படியில் மூடி உடைந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு டிரான்சிஸ்டரில் பாட்டுக் கேட்பாள். சரணம் உட்பட எல்லாப் பாட்டும் அவளுக்கு முழுசாகத் தெரியும். எனக்கு நாற்பது வினாடி தெரியும்.

1994-இல் சி.டி. பிளேயர் வாங்க முடிவு செய்தேன். வீடு பழுதுபார்க்க என்று எழுதிக் கொடுத்து சேமநல நிதியில் கடன் எடுத்தேன். பழுது உண்மைதான், ஹாலில் ஓடு ஒழுகிக்கொண்டிருந்தது. பணம் பர்மா பஜாருக்குப் போனது. அந்த ஐப்பசியில் முதன்முறையாகச் சி.டி. போட்டேன். கேசட்டின் இரைச்சல் இல்லை, தட்டின் சரசரப்பு இல்லை. பாட்டுக்கு முன்னால் அப்படியொரு மௌனம். அந்த மௌனத்தில், வாளியில் சொட்டும் மழைத்தண்ணீர் மிகத் துல்லியமாகக் கேட்டது. பழைய கருவியில் இரைச்சல் அதை மூடிவைத்திருந்தது போலும். மனைவி எதுவும் சொல்லவில்லை. வாளிக்குள் ஒரு துணியைப் போட்டுவிட்டுப் போனாள். நான் இடது பெட்டியை ஓரடி தள்ளி வைத்தேன். ஓடு மாற்றியது அதற்கும் மூன்று வருஷம் கழித்து. மகளுக்கு இழுப்பு வந்ததற்கு அந்த ஈரம் காரணமா என்று டாக்டரிடம் கேட்கிற துணிவு எனக்கு அன்று இல்லை.

அதன்பிறகான கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 5.1 வந்தது, ஒலி பின்னாலிருந்தும் கேட்க வேண்டியதாயிற்று. எம்.பி.3 வந்தது, கருவி சுருங்கிற்று. இப்போது வால்வும் எல்.பி.யும் பெரிய விலையில் திரும்பி வந்துள்ளன. எங்கள் தகப்பனார் எடைக்குப் போட்ட வால்வு ரேடியோவின் 'வெதுவெதுப்பு' இன்று தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய குணம். பராட்டின் ஓவியத்தை இப்போது சுரண்டி அடியிலிருக்கும் போனோகிராஃபை வெளியே எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2019-இல் காதைச் சோதித்துக்கொண்டேன். மருத்துவமனைச் சோதனை 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; என் கோடு 4,000-இலேயே சரியத் தொடங்கியிருந்தது. வயசுக்குச் சகஜம் என்றார்கள். இருபது வயதில் பதினாறாயிரம் ஹெர்ட்ஸ் கேட்கக்கூடிய காதோடு டீக்கடைக் குழாயின் கீழே நின்றவன், அறுபதில் நாற்பதாயிரம் ஹெர்ட்ஸ்வரை தருகிற கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று மாலை வீடு திரும்பியபோது, முந்தைய வாரம் பணம் கட்டியிருந்த பார்சல் திண்ணையில் இருந்தது. ஒரு டி.ஏ.சி.; எண்ணை ஒலியாக்கும் சின்னப் பெட்டி. பிரித்துக்கொண்டிருந்தபோது மனைவி வந்து நின்றாள்.

"இது எத்தனைங்க?"

விலையைக் கேட்கிறாளா எண்ணிக்கையைக் கேட்கிறாளா என்று விளங்கவில்லை. எதைக் கேட்டிருந்தாலும் பாதியைத்தான் சொல்லியிருப்பேன்.